ஒரு புள்ளிக்குள் பத்து லட்சம் எழுத்து

கச்சாலிலிருந்து கப்பலில் கொண்டுவந்த விதைத் தேங்காய்கள் முளைவிட்ட வாரத்தில்தான் அவள் எனக்கு போன் செய்து அந்த வேலையைப் பற்றிச் சொன்னாள். மெயின்லேண்டில் ஒரு பெரிய திட்டம் தொடங்குகிறார்கள், பல பயிர்களின் ஜீனோமைப் படித்து ஒன்றோடொன்று ஒப்பிடப் போகிறார்கள், அதைத் திரையில் காட்ட ஒரு கருவி செய்துதர ஆள் தேடுகிறார்கள் என்றாள். "ஒனக்குத்தான் படம் போடத் தெரியுமே. ஒன் பேரக் குடுத்துட்டேன்," என்று முடித்தாள். என்னைக் கேட்டுவிட்டுக் கொடுக்கவில்லை, கொடுத்துவிட்டுத்தான் சொன்னாள். எங்களுக்குள் அப்படித்தான்.

போர்ட் பிளேரில் ஆறாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒன்றாகப் படித்தோம். என் அப்பா ராமநாதபுரத்திலிருந்து அரசு வேலைக்காகத் தீவுக்கு வந்தவர். அவளுடைய குடும்பத்தை இலங்கையின் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தியிருந்தார்கள். அவள் விடுதியில் தங்கிப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். பிறகு நான் கம்ப்யூட்டர் படிக்கச் சென்னை போனேன். அவள் தாவரவியல் பக்கம் போனாள். நான் வங்கிகளுக்கு வரைபடங்கள் செய்துகொடுக்கும் ஒரு கம்பெனியில் சில வருடங்கள் இருந்துவிட்டு, கல்யாணமாகித் தீவுக்கே திரும்பி வந்தபோது, அவள் இங்கே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் தென்னைப் பிரிவில் இருந்தாள்.

சுனாமியின்போது அவள் விடுமுறைக்குக் கச்சால் போயிருந்தாள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மேட்டில் இருந்ததால் அவள் வீட்டார் பிழைத்தார்கள். கீழே கடலோரக் கிராமங்கள் போய்விட்டன. அதைப் பற்றி அவள் என்னிடம்கூட அதிகம் பேசியதில்லை. அவள் திரும்பத் திரும்பச் சொன்னது தென்னைகளைப் பற்றித்தான். நிலமே கீழிறங்கிவிட்டதால் ஒவ்வொரு நீரேற்றத்துக்கும் கடல் தோப்புக்குள் வந்து நின்றது. மாதக்கணக்கில் தென்னைகள் நின்றபடியே செத்தன. ஆனால் ஓர் ஓடை கடலில் சேரும் இடத்தில் கொஞ்சம் மரங்கள், அடிமரம் உப்புத் தண்ணீரில் நிற்க, காய்த்துக்கொண்டே இருந்தன.

"எல்லாம் செத்துச்சி. அது மட்டும் ஏன் சாவல?" என்பாள். அந்தக் கேள்வியோடுதான் அவள் படித்தாள், பரீட்சை எழுதினாள், வேலைக்கு வந்தாள். தோப்புக்குச் சொந்தமான நிக்கோபாரிக் குடும்பத்திடமும் கேப்டன் என்று அவர்கள் அழைக்கும் கிராமத் தலைவரிடமும் உட்கார்ந்து பேசி, அவர்கள் சம்மதத்தோடு அந்த மரங்களின் இலையும் காயும் எடுத்துவந்தாள். அவை வேறு இனம், அவற்றுக்குள் உப்பைத் தாங்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்று நம்பினாள். மற்ற பயிர்களோடு அவளுடைய தென்னையையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள், முதல் வருட முடிவில் பார்த்துவிட்டு மேலே போவதாகப் பேச்சு.

என் வேலை இதுதான். தென்னையின் ஜீனோமை இருநூறு கோடிக்கும் மேற்பட்ட எழுத்துகள் கொண்ட ஒரே நீளமான வரி என்று வைத்துக்கொள்ளலாம். நான்கே எழுத்துகள் மாறி மாறி வரும். ஒவ்வொரு மரத்துக்கும் அப்படி ஒரு வரி. நூற்றுக்கணக்கான மரங்களின் வரிகளை ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பார்க்கிறவர் சட்டென்று பிடித்துக்கொள்ளும்படி காட்ட வேண்டும். என் திரையின் அகலத்தில் இரண்டாயிரம் புள்ளிகள்கூட இல்லை. ஆகவே ஒரு புள்ளிக்குள் பத்து லட்சம் எழுத்துகளை அடைத்தாக வேண்டும். பத்து லட்சத்துக்கும் சேர்த்து ஒரே நிறம். அந்த நிறம் எது என்று முடிவு செய்வதுதான் வேலையின் உயிர். மற்றதெல்லாம் பொத்தான்களும் ஓரங்களும்.

மெயின்லேண்ட் நர்சரிகளில் பரவலாக இருக்கும் ஒரு ரகத்தை அடிப்படையாக வைத்தோம். அதோடு ஒத்துப்போகும் இடம் மணல் நிறம். எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு நீலம். இரண்டு வழிகளில் செய்து பார்த்தேன். ஒரு புள்ளிக்குள் எங்காவது பெரிய வேறுபாடு இருந்தால் அந்தப் புள்ளி முழுவதையும் நீலமாக்குவது முதல் வழி. அப்படிச் செய்தால் படம் முழுக்க அம்மை போட்ட முதுகு மாதிரி ஆயிற்று. எழுத்துகளைப் படிக்கும் இயந்திரம் அங்கங்கே தப்பாகப் படிக்கும், அந்தத் தப்பெல்லாம் நீலப் புள்ளிகளாக வந்து விழுந்தன. இரண்டாவது வழி, புள்ளிக்குள் இருக்கும் எல்லா எழுத்துகளுக்கும் சராசரி எடுப்பது. இயந்திரத்தின் தப்புகள் கரைந்துபோயின. மணலிலிருந்து நீலத்துக்கு நிறம் மெதுவாக ஏறி இறங்கியது. ஆழம் குறைந்த கடலை மேலேயிருந்து பார்ப்பது போல இருந்தது. அனுப்ப வேண்டிய தரவும் குறைவு, மழை நாளில் எங்கள் வீட்டு நெட்டில்கூடப் படம் உடனே திறந்தது.

சராசரியைத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணங்கள் இருந்தன. அவற்றை யாரிடமும் இன்றைக்கும் என்னால் நியாயப்படுத்த முடியும். ஆனால் தனியாக இருக்கும்போது எனக்குத் தெரியும், முதல் காரணம் அது அழகாக இருந்ததுதான். ஒரு அம்மைத் தழும்புப் படத்தின் கீழே என் பெயர் வருவதை நான் விரும்பவில்லை. இன்னும் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தால் மூன்றாவதாக ஒரு வழி தோன்றியிருக்கலாம். நான் உட்காரவில்லை.

முதல் வருட முடிவில், திட்டத்தின் பெரியவர்கள் மூன்று பேர் விமானத்தில் வந்து பண்ணையின் கூட்ட அறையில் உட்கார்ந்தார்கள். நான் கடைசி வரிசையில். தென்னையின் முறை வந்தபோது அவளே எழுந்துபோய் என் கருவியைத் திறந்தாள். மேலே மெயின்லேண்ட் மரங்கள், நடுவில் லட்சத்தீவு மரங்கள், கீழே அவளுடைய கச்சால் மரங்கள். நடுவரிசைகளில் நீலம் அலையடித்தது. அவளுடைய வரிசைகள் மேலே இருந்தவற்றைப் போலவே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மணலாகக் கிடந்தன.

யாரும் கடுமையாகப் பேசவில்லை. பெரியவர்களில் ஒருவர், எப்போதோ வியாபாரிகளோ குடியேறியவர்களோ கொண்டுபோன காய்களிலிருந்து வந்த மரங்களாக இருக்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். உப்பைத் தாங்கியதற்கு அந்த இடத்தின் மண்ணோ நல்ல தண்ணீர் ஊற்றோ காரணமாக இருக்கலாம் என்றார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க நேரம் வேண்டும் என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன், அவர்களும் கொடுத்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை. படம் தெளிவாக இருக்கிறது, தான் நினைத்தது தவறு என்று இந்தியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வெளியே டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றாள். "நல்லாப் போட்டிருக்கடி. இல்லாட்டி இன்னும் அஞ்சு வருஷம் அதையே தேடிக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்," என்றாள். முகத்தில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. தன் மரங்களைவிட என் படத்தை அவள் அதிகமாக நம்பினாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தென்னையைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். என் கருவியை எல்லாப் பயிர்களுக்கும் வைத்துக்கொண்டார்கள். எனக்கு ஒப்பந்தம் நீண்டது. அவளை மிளகுப் பிரிவுக்கு மாற்றினார்கள். நிழல்வலைக்குக் கீழே முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்த கச்சால் நாற்றுகளின் இடம் மிளகுக் கொடிகளுக்குத் தேவைப்பட்டது. விருப்பப்பட்டவர்கள் எடுத்துப்போகலாம் என்று பண்ணையில் சொன்னார்கள். பக்கத்து ஊர்களான சௌல்தாரியிலிருந்தும் பெரார்கஞ்சிலிருந்தும் ஆட்டோவிலும் ஜீப்பிலும் வந்தார்கள். பண்ணையில் மிஞ்சியிருந்த வேறு நாற்றுகளையும் சேர்த்தே அள்ளிக்கொடுத்தார்கள். எது யாருக்குப் போனது என்று யாரும் குறித்துவைக்கவில்லை. குறிப்பதற்கு அவற்றில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அன்று அவளுக்குத் துணையாக இருக்கலாமென்று நானும் போயிருந்தேன். பைகளைத் தூக்கித் தூக்கி வண்டிகளில் ஏற்றிவிட்டேன். கையெல்லாம் செம்மண். ஒரு அம்மா என்னைப் பண்ணை ஊழியர் என்று நினைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

அதன்பிறகு நான் கொஞ்சம் விசித்திரமாக நடந்துகொள்ள ஆரம்பித்தேன். தவறு எதுவும் செய்யவில்லை என்று அறிவுக்குத் தெரிந்தது. இருந்தாலும் மீன் வாங்கினால் அவளுக்கும் சேர்த்து வாங்கினேன். அவள் அம்மாவின் கண்ணுக்கு டாக்டரை விசாரித்து வைத்தேன். அவள் கேட்காமலே மிளகுத் தரவுகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன். எனக்கு வந்த பாராட்டு எதையும் அவளிடம் சொல்லவில்லை. ஒரு தடவை பெங்களூரில் கருவியைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். வேறு வேலை என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டுப் போய்வந்தேன். அவளுக்கு அது வேறு யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது.

"என்னாத்துக்கு என்னய நோயாளி மாதிரி நடத்துற?" என்று கேட்டாள். "மரம் சாதா மரம்னு தெரிஞ்சிச்சி. அவ்வளவுதான். நீயா அத சாதா மரமா ஆக்குன?"

நான் இல்லை என்று தலையாட்டினேன். அந்தப் பதிலும் பின்னால் பொய்யாயிற்று.

அடுத்த வருடம், நெல் ஆராய்ச்சி செய்யும் ஒரு குழுவிடமிருந்து புகார் வந்தது. வெள்ளத்தைத் தாங்கும் சில நெல் ரகங்களில் ஒரு சின்னப் பகுதி வேறுபட்டிருக்கும் என்பது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். என் படத்தில் அது தென்படவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், தெரியும் என்று பதில் எழுதினேன். பெரிதாக்கினால் தெரிகிறது, ஆனால் எந்த இடத்தைப் பெரிதாக்குவது என்பது முன்பே தெரிந்திருந்தால் உங்கள் படம் எங்களுக்கு எதற்கு என்று மரியாதையாகத் திருப்பிக் கேட்டிருந்தார்கள்.

நான் எரிச்சலோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர்கள் சொன்னது சரி. லட்சக்கணக்கான எழுத்துகளின் சராசரிக்குள் சில ஆயிரம் எழுத்துகளின் வேறுபாடு, ஒரு டிரம் தண்ணீரில் ஒரு சொட்டு மை. ஒரு மாலைக்குள் புது விதி எழுதினேன். தனித்தனியாகச் சிதறிய வேறுபாடுகள் இயந்திரத்தின் தப்பாக இருக்கலாம், அவற்றைக் கரைய விடலாம். அடுத்தடுத்த எழுத்துகள் ஒரே தொடராக மாறியிருந்தால், அந்தத் தொடர் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், அந்தப் புள்ளி நீலமாகவே நிற்க வேண்டும். எழுதி முடித்தபோது, இதை அப்போதே செய்திருக்கலாமே என்று தோன்றியது. அவ்வளவு சுலபமாக இருந்தது அது. ஆனால் அதற்கு மேல் அப்போது நான் யோசிக்கவில்லை. சோதித்துப் பார்க்கக் கைக்கு அருகில் இருந்த பழைய தரவைத் திறந்தேன். அது தென்னை.

கீழ் வரிசைகளில், மணலுக்கு நடுவே, மேலிருந்து கீழாக நேராக ஒரு நீலக் கீறல் விழுந்திருந்தது. கச்சால் ஓடைக்கரை மரங்கள் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில். மெயின்லேண்ட் மரங்களில் இல்லை, லட்சத்தீவு மரங்களிலும் இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன். இருபது முப்பதாயிரம் எழுத்துகள் இருக்கும். என் திரையின் கணக்கில் ஒரு புள்ளியின் சின்னத் துணுக்கு.

வீட்டில் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்றேன், போகவில்லை. அது என் புது விதியின் பிழையாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அடுத்த சில நாள் வேறு வேறு விதமாகச் சரிபார்த்தேன். தவறு கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்ற ஆசையோடு ஒரு வேலையைச் சரிபார்த்தது எனக்கு அதுதான் முதல் தடவை. எப்படிப் பார்த்தாலும் கீறல் அங்கேயே இருந்தது.

அவளிடம் போனில் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை அவள் அம்மா கச்சாலிலிருந்து கண் பரிசோதனைக்கு வருவதாக இருந்தது. ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு நானும் வருகிறேன் என்றேன். கப்பல் தாமதம். கூரைக்கு அடியில் பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். வாயால் சொல்ல ஆரம்பித்தால் மன்னிப்புக் கேட்பதில்தான் போய் முடியும், அவள் மரத்தைப் பார்க்க மாட்டாள், என்னைத்தான் பார்ப்பாள் என்று பயந்தேன்.

அவள் விரலால் கீறலைத் தொட்டுக் கீழே வரைக்கும் இழுத்தாள்.

"மிஷின் தப்பாப் படிச்சிருக்காதா?"

"எல்லா மரத்துலயும் ஒரே இடத்துல ஒரே தப்பு வராது."

"இது அந்த மீட்டிங் அன்னிக்கும் இருந்துச்சா?"

"தரவுல இருந்துச்சு. படத்துல இல்ல. நான் சராசரி எடுத்துட்டேன்." லேப்டாப்பை அவள் பக்கம் நகர்த்தி, "வேற மாதிரி செஞ்சிருக்கலாம். நான்தான் செய்யல," என்றேன்.

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மனம் வேறெங்கோ போய்விட்டது. "நாத்து," என்றாள் திடீரென்று. "யார் யாரு வந்தாங்க அன்னிக்கு? நீயும்தானே ஏத்திவிட்ட, யோசிச்சுப் பாரு."

குற்றம் சொல்வதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. உண்மையாகவே என் நினைவில் ஏதாவது இருக்குமா என்றுதான் கேட்டாள். எனக்கு அந்த வாழ்த்திய அம்மாவின் புடவை நிறம் நினைவிருந்தது. முகம் இல்லை. ஊரும் இல்லை.

கப்பல் வந்தது. கூட்டத்தோடு அவள் அம்மா இறங்கி வந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னா, எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க?" என்றார். அவள் பையை வாங்கிக்கொண்டே ஓடைக்கரை மரங்களைப் பற்றிக் கேட்டாள். அவை இருந்தால் மறுபடியும் காய் எடுக்கலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் சாதாரணமாகப் பதில் சொன்னார். கடல் கரையை அரித்துக்கொண்டே வந்ததாம். மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தனவாம். போன மழைக்காலத்தில் கடைசி இரண்டும் விழுந்துவிட்டனவாம். ஓடை வாயில் இப்போது ஒன்றும் நிற்கவில்லை.

அவள் சரி என்று மட்டும் சொல்லி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள். வண்டியில் நான் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டேன், பின்னால் அவள் முகத்தைப் பார்த்தபடி உட்கார முடியாமல்.

அதற்கடுத்து வந்த மாதங்களில், அவளுக்கு விடுமுறை கிடைத்த நாட்களிலெல்லாம் என் ஸ்கூட்டரில் போனோம். சௌல்தாரியிலும் பெரார்கஞ்சிலும் வீடு வீடாக நுழைந்தோம். அந்த வயதுள்ள தென்னங்கன்று கண்ணில் பட்டால், பண்ணையிலிருந்து எடுத்ததா என்று கேட்டு, ஓர் இலைத் துண்டு வெட்டிப் பையில் போட்டு, இடத்தை எழுதிக்கொண்டோம். சில கன்றுகள் செத்திருந்தன. சிலவற்றை ஆடு தின்றிருந்தது. பலருக்கு எது பண்ணைக் கன்று, எது கடையில் வாங்கியது என்றே தெரியவில்லை. கண்ணால் பார்த்து வித்தியாசம் சொல்ல அவளாலும் முடியவில்லை, எல்லாம் கன்றுகளாகத்தான் இருந்தன. ஒரு வங்காளி வீட்டு அம்மா கதவை முழுக்கத் திறக்காமல், "வாபஸ் லேனே ஆயே க்யா?" என்று கேட்டார். திருப்பி எடுத்துப்போக வந்திருக்கிறோம் என்று பயந்துவிட்டார். இல்லையம்மா, ஒரு இலை போதும் என்று அவள் இந்தியில் சொல்லி, அவருடைய மூன்று கன்றுகளில் இரண்டுக்கு வண்டு விழுந்திருப்பதையும் காட்டி, என்ன மருந்து வைக்க வேண்டும் என்று விளக்கிவிட்டு வந்தாள். வண்டு மருந்துப் பேச்சு இலை வெட்டியதைவிட நெடுநேரம் நடந்தது. நான் வாசலில் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லா வீட்டிலும் அவள்தான் பேசினாள். நான் பேச வாயெடுத்தால் எப்படியாவது, தப்பு என்னுடையது என்கிற இடத்தில் போய் நின்றுவிடுவேன். ஒரு வீட்டில் அப்படி ஆரம்பித்தே விட்டேன். கணினியில் ஒரு பிழை நடந்துவிட்டது, அதனால்தான் என்று நான் இழுக்க, அவள் குறுக்கே புகுந்து பேச்சை மாற்றினாள். வெளியே வந்ததும், "அவுங்களுக்கு என்னாத்துக்கு அதெல்லாம்? மத்லப், அதாவது, ஒனக்கு அவுங்க வந்து பரவால்லன்னு சொல்லணுமா?" என்றாள். நான் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினேன். அவள் கேட்டது உண்மைதான். அந்த வீட்டுக்காரர், இல்லாவிட்டால் அந்த நெல் ஆராய்ச்சிக்காரர்கள், யாராவது ஒருவர் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்று இருந்தேன். அவளிடமிருந்து மட்டும் அதை எதிர்பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

இலைகளை மெயின்லேண்டுக்கு அனுப்பினோம். கூட்டத்துக்கு வந்த பெரியவர்களில் ஒருவர், இயந்திரத்தில் இடம் மிஞ்சும்போது சேர்த்துப் படித்துத் தருவதாக ஒத்துக்கொண்டார். பழைய தரவில் கீறல் இருந்ததை நான்தான் அவருக்கு எழுதினேன். எல்லாம் நல்லபடியாகக் கவனித்திருக்கிறீர்கள் என்று என்னைப் பாராட்டிப் பதில் போட்டார். அந்தப் பதிலை நான் இரண்டாவது தடவை திறக்கவில்லை.

முடிவுகள் மழைக்காலம் முடியும் சமயத்தில் வந்தன. பெரும்பாலானவை வெறும் மணல். விரல்விட்டு எண்ணக்கூடிய சில கன்றுகளில் மட்டும் அந்தக் கீறல் இருந்தது. நான் படத்தை அனுப்பியபோது அவள் உடனே போன் செய்தாள். படம் கிடைத்தது, இனி எழுத்துகளையும் அப்படியே முழுசாக அனுப்பிவிடு, நானும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மிகச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அனுப்பினேன். அது பெரிய கோப்பு, போய்ச் சேர மத்தியானம் முழுக்க ஆயிற்று. அன்றிலிருந்து எந்தப் படம் அனுப்பினாலும் கூடவே அதையும் அனுப்புகிறேன். அவள் கேட்கும்வரை காத்திருப்பதில்லை.

கருவியிலும் மாற்றிவிட்டேன். இப்போது திறந்தவுடன் புது விதிப்படிதான் படம் வரும். திறக்க நேரம் எடுக்கிறது, முன்பிருந்த அழகும் இல்லை, அங்கங்கே கீறலும் புள்ளியுமாக இருக்கிறது. பழையபடி மாற்றித்தரச் சொல்லிச் சிலர் எழுதினார்கள். சராசரிப் படம் வேண்டுமென்றால் தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்திக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டேன்.

கீறல் உள்ள கன்றுகளில் ஒன்று பெரார்கஞ்சில், ஓய்வு பெற்ற ஒரு தமிழ் பஸ் டிரைவரின் வீட்டில் இருந்தது. திருச்சிப் பக்கத்துக்காரர். நாங்கள் மறுபடியும் போனபோது சுற்றுச்சுவர் கட்டுவதற்காக வாசலில் கல் இறக்கியிருந்தார். அஸ்திவாரக் கயிறு சரியாகக் கன்றின் மேல் போயிருந்தது. இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால் அது இருந்திருக்காது. நானே முந்திக்கொண்டு, இதை வேரோடு எடுத்துப்போய் எங்கள் வீட்டுப் பின்பக்கம் வைத்துக்கொள்கிறோம், இடம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அவள் என்னை வேலியோரம் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஒன் வீட்டுல வேணாம்."

"ஏன்?"

"டெய்லி அதப் பாத்துப் பாத்து நீ உருகிக்கிட்டு இருப்ப. நான் வந்தா மரத்தப் பாக்கணும். ஒன் மொகத்தப் பாத்துக்கிட்டு நிக்க முடியாது." சொல்லிவிட்டு, குரலைத் தணித்து, "கோவமெல்லாம் இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கு. கொஞ்சம் கொஞ்சமாப் போவும். நீ அத தொரத்தாத," என்றாள்.

கோபம் இருக்கிறது என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது. அதே சமயம் கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. நான் சரி என்றேன்.

அவள் திரும்பிப் போய் டிரைவரிடம் உட்கார்ந்து பேசினாள். இந்த மரம் கச்சாலில் எங்கே நின்ற மரத்தின் பிள்ளை, அது என்னவெல்லாம் பார்த்தது என்று சொன்னாள். சுனாமியைப் பற்றி என்னிடம் சொல்லாத சிலவற்றையும் அன்று அவரிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் அவசரப்படாமல் கேட்டார். அப்புறம் மேஸ்திரியைக் கூப்பிட்டு, கயிற்றை அந்தப் பக்கம் வெளியே தள்ளிக் கட்டுப்பா, கன்றை வெளியே விட்டால் மாடு கடிக்கும், அதனால் அந்த இடத்தில் மட்டும் சுவரை வளைத்துக் கன்றை உள்ளே வாங்கிக்கொள் என்றார். மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே ஆணியைப் பிடுங்கினார்.

அந்த முப்பதாயிரம் எழுத்துகளுக்கும் உப்புக்கும் சம்பந்தம் உண்டா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. அந்த மரம் காய்க்க வேண்டும். அந்தக் காய்கள் முளைத்து, அந்த நாற்றுகளை உப்புத் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். பல வருடக் கதை. புதிதாகத் திட்டம் எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். மிளகு வேலை போக மிஞ்சும் நேரத்தில் அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள். படங்களுக்கு என்று அதில் ஒரு பகுதி உண்டு. யார் செய்வார்கள் என்ற இடத்தை இன்னும் காலியாகத்தான் விட்டிருக்கிறாள்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரார்கஞ்ச் போய்க் கன்றை அளந்து வருகிறாள். சில தடவை என்னையும் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போய் நிற்கிறேன். சில தடவை பஸ்ஸில் தனியாகப் போய்விட்டு வந்து, மறுநாள் பேச்சுவாக்கில் சொல்கிறாள். நான் ஏன் என்று கேட்பதில்லை. எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.